ஐந்தாம் நாள் ரத்தம்

மழைக்காலம் வந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குழந்தைகளின் காய்ச்சல் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகும். முதல் நாள் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் சிரப். இரண்டாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையம், இல்லையென்றால் தெரிந்த டாக்டர். மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் குன்னத்திலோ செந்துறையிலோ ஜெயங்கொண்டத்திலோ ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "தட்டணு எவ்வளவு சார் இருக்கு?" என்பதுதான். டெங்கு நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது. "தட்டணு நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று பதில் வந்தால் வீடே மூச்சு விடும்.

டெங்குவைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு. ஆனால் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் நீடித்து, கண்ணும் உதடும் சிவந்து, இரண்டாம் வாரத்தில் தட்டணு ஐந்து லட்சம், ஆறு லட்சம் என்று ஏறிக்கொண்டே போகிறது என்றால், அது நல்ல செய்தி அன்று. குழந்தையின் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவரில் அழற்சி நடந்துகொண்டிருக்கலாம். அந்த நோயின் பெயர் கவாசாகி. எந்தக் குழந்தைக்கு இதயம் பாதிக்கப்படும் என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனைகளிலிருந்து முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்விதான் இந்த அத்தியாயம்.

டோக்கியோவில் ஒரு சிறுவன்

1961 ஜனவரியில் டோக்கியோ செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனைக்கு நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். விடாத காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், உடம்பெல்லாம் தடிப்பு. அவனைக் கவனித்தவர் தொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர். அவருக்குத் தெரிந்த எந்த நோய்க்குள்ளும் இந்தக் குறிகள் அடங்கவில்லை. சிறுவன் தேறி வீடு திரும்பியபோது 'நோய் என்னவென்று தெரியவில்லை' என்றே அவர் குறித்துவைத்தார். மறு ஆண்டு அதே போல இன்னொரு குழந்தை வந்தது. அவர் தொடர்ந்து கவனித்தார், குறித்துவைத்தார். 1967-ல் 50 குழந்தைகளின் விவரங்களை ஜப்பானிய மொழியில் கட்டுரையாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் அது வர 1974 ஆகிவிட்டது.

தானாகவே தணிந்துவிடும் நோய் என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினார்கள். 1970-ல் ஜப்பான் முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு அந்த எண்ணத்தைக் கலைத்தது. காய்ச்சல் விட்டு, தேறிவிட்டதாகத் தோன்றிய குழந்தைகளில் சிலர் திடீரென இறந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில், இதயத் தமனிகள் புடைத்து, அந்தப் புடைப்புகளுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது தெரியவந்தது. பெரியவர்களுக்கு வரும் மாரடைப்பு, சிறு குழந்தைகளுக்கு வந்திருந்தது.

கவாசாகி 2020 ஜூனில், தமது 95-ஆம் வயதில் மறைந்தார். நோய் எதனால் வருகிறது என்பது அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, இன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. பரம்பரையாகவே எளிதில் ஆட்படக்கூடிய ஒரு குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம், ஏதோ ஒரு தூண்டுதலுக்கு அளவுமீறிக் கொந்தளிக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகம்.

தமனிச் சுவரில் நடப்பது

ஒரு சிறு குழந்தையின் இதயத் தமனி இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதன் சுவருக்கு உறுதி தருவது எலாஸ்டின் என்ற மீள்தன்மை உள்ள புரதத்தால் ஆன அடுக்கு. கவாசாகி நோயின் முதல் இரண்டு வாரங்களில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இந்தச் சுவருக்குள் புகுந்து, புரதங்களை அரிக்கும் நொதிகளைக் கக்குகின்றன. அடுக்கு சிதைகிறது. சைக்கிள் டயர் நைந்த இடத்தில் ட்யூப் புடைப்பதைப் போல, உறுதி இழந்த இடத்தில் தமனி வெளிப்பக்கமாகப் புடைக்கிறது.

சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இந்தப் பாதிப்பு வரும். சிகிச்சையின் வரலாறு மருத்துவத்தின் நல்ல கதைகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை, அதாவது இம்யூனோகுளோபுலினை, நரம்பு வழியாகச் செலுத்தினால் தமனி காப்பாற்றப்படுகிறது என்று 1984-ல் ஜப்பானின் ஃபுருஷோ குழுவினர் காட்டினார்கள். 1986-ல் அமெரிக்காவில் ஜேன் நியூபர்கர் குழுவினர் 168 குழந்தைகளிடம் அதை உறுதிப்படுத்தினார்கள். ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்குத் தமனிக் கோளாறு. இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்கே. இன்று கொடுக்கப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், ஒரே தவணை. காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் கொடுத்தால் முழுப்பயன். இன்றும் முதல் சிகிச்சை இதுதான்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, பத்து நாளுக்குள் நோயை அடையாளம் காண வேண்டும். இரண்டாவது, பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் கொடுத்த பிறகும் காய்ச்சல் தணிவதில்லை. தமனி புடைக்கும் ஆபத்து அவர்களுக்கே அதிகம். அவர்கள் யார் என்று முதல் நாளே தெரிந்தால் ஸ்டீராய்டு போன்ற கூடுதல் மருந்தைச் சேர்த்தே தொடங்கிவிடலாம். ரத்தக் குறிப்பான்களைத் தேடி மருத்துவர்கள் அலைவது இந்த இரண்டு சிக்கல்களுக்காகத்தான்.

ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியும்

கவாசாகி நோயை உறுதிசெய்யும் ஒற்றைப் பரிசோதனை உலகில் எங்கும் இல்லை. இருப்பவை, நம் ஊர் லேபுகளிலும் செய்யப்படும் சாதாரணப் பரிசோதனைகள்தான். அவை ஒவ்வொன்றும் உடலுக்குள் நடக்கும் ஏதோ ஒன்றின் தடயம்.

முதலில் சி.ஆர்.பி. அழற்சி தொடங்கியதும் இன்டர்லூக்கின்-6 என்ற வேதிச் செய்தி கல்லீரலை அடைகிறது. சில மணி நேரத்தில் கல்லீரல் இந்தப் புரதத்தைப் பெருமளவில் சுரக்கத் தொடங்குகிறது. அழற்சி தணிந்தால் சி.ஆர்.பி. வேகமாக இறங்கும். அதனால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இது உதவும்.

அடுத்தது ஈ.எஸ்.ஆர். ரத்தத்தை ஒரு குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் படிகின்றன என்று அளப்பது. அழற்சியின்போது ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கூடி, சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அவை வேகமாகப் படிகின்றன. இம்யூனோகுளோபுலின் கொடுத்த பிறகு இந்த எண்ணை நம்பக்கூடாது. செலுத்திய புரதமே சிவப்பணுக்களை ஒட்டவைத்து ஈ.எஸ்.ஆர்.ஐ உயர்த்திவிடும். குழந்தை நன்றாகத் தேறிவரும்போது ஈ.எஸ்.ஆர். ஏறியிருப்பதைப் பார்த்துப் பதறும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

அல்புமினும் சோடியமும் எதிர்த்திசையில் போகும். அழற்சியால் நுண்ணிய ரத்தக் குழாய்களில் கசிவு ஏற்பட்டு அல்புமின் வெளியேறுகிறது. நீரைத் தேக்கும் ஹார்மோன் கூடுவதால் சோடியம் குறைகிறது. இரண்டும் தாழ்ந்திருந்தால் நோய் கடுமையாக இருக்கிறது என்று பொருள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று ரிப்போர்ட்டில் வரும் கல்லீரல் நொதிகளின் உயர்வும் அதே பக்கம்தான் கை காட்டும். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபிலின் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டினால், தமனிச் சுவரை அரிக்கும் படை பெருகி நிற்கிறது.

இப்போது தட்டணுக்கள். இங்கே நாள் கணக்கு மிக முக்கியம். முதல் வாரத்தில் தட்டணு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஏழாம் நாளுக்குப் பிறகு ஏறத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் உச்சத்தைத் தொடும். சில குழந்தைகளுக்குப் பத்து லட்சத்தையும் கடக்கும். புடைத்த தமனிக்குள் ரத்தம் உறையும் ஆபத்து மிகுவதும் அந்தக் காலத்தில்தான். தொடக்கத்திலேயே தட்டணு குறைவாக இருந்தால் அதுவும் கெட்ட அறிகுறி: அழற்சி அவ்வளவு கடுமையாக இருப்பதால் தட்டணுக்கள் செலவாகிக்கொண்டிருக்கின்றன. ஆக, ஒரே எண்ணுக்கு நான்காம் நாளில் ஒரு பொருள், பன்னிரண்டாம் நாளில் வேறொரு பொருள். காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதாத ரிப்போர்ட்டுக்குப் பாதி மதிப்புதான்.

ஹீமோகுளோபின் குறைவையும் குறிப்பான்களில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். நம் பகுதியில் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்திருப்பதற்குக் காரணம் இந்த நோயா, முன்பிருந்தே இருந்த இரும்புச்சத்துக் குறைவா என்பதைப் பழைய ரிப்போர்ட் இருந்தால்தான் சொல்ல முடியும்.

எண்களைக் கூட்டிப் பார்த்தவர்கள்

ஓர் எண் போதாது என்றால் பல எண்களைச் சேர்த்துப் பார்க்கலாமே? 2006-ல் ஜப்பானின் கோபயாஷி குழுவினர் அப்படி ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். சோடியம் 133 அல்லது அதற்குக் கீழ், எஸ்.ஜி.ஓ.டி. 100 அல்லது அதற்கு மேல், நியூட்ரோஃபில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல், நோயின் நான்காம் நாளுக்குள்ளேயே சிகிச்சை தொடங்க வேண்டிவந்த நிலை: இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். சி.ஆர்.பி. ஒரு டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அல்லது மேல், தட்டணு மூன்று லட்சம் அல்லது கீழ், வயது ஒன்று அல்லது கீழ்: இவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். கூட்டுத்தொகை கூடக்கூட, இம்யூனோகுளோபுலினுக்கு அடங்காத நோயாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதை நம்பி ஜப்பானில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதிக மதிப்பெண் பெற்ற குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலினுடன் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளிவந்த முடிவு: ஸ்டீராய்டு சேர்த்தவர்களில் 3 சதவீதத்தினருக்குத் தமனிக் கோளாறு, சேர்க்காதவர்களில் 23 சதவீதத்தினருக்கு. லேபில் கிடைக்கும் நாலைந்து எண்களைக் கூட்டிப் பார்த்ததால் பல குழந்தைகளின் இதயம் தப்பியது.

அதே மதிப்பெண் முறையை அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தபோது, சிகிச்சைக்கு அடங்காத குழந்தைகளில் பாதிப் பேரைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. பரம்பரை வேறு, சிகிச்சை தொடங்கும் நாள் வேறு, உடன் இருக்கும் மற்ற நோய்கள் வேறு. பின்னர் பாஸ்டன் மருத்துவர்கள் தங்கள் குழந்தைகளுக்கென்று வேறொரு முறையை வகுத்தார்கள். அதில் ரத்தத்தைவிட எக்கோவுக்கு, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்கு, முதலிடம்: முதல் எக்கோவிலேயே தமனி சற்று விரிந்திருப்பது, ஆறு மாதத்துக்குக் குறைந்த வயது, ஆசிய வம்சாவளி, சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 13 மில்லிகிராம் அல்லது மேல்.

புதிய குறிப்பான்களும் வந்துகொண்டிருக்கின்றன. இதயத் தசை இழுபடும்போது சுரக்கும் என்.டி. புரோ-பி.என்.பி. அவற்றில் முக்கியமானது. கவாசாகி நோயின் தொடக்கத்தில் இதயத் தசையிலும் அழற்சி இருப்பதால், பிற காய்ச்சல்களைவிட இதில் அது அதிகம் உயர்கிறது. சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் சுர்ஜித் சிங் குழுவினர் இந்தியக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபெரிட்டின் மிக அதிகமாக உயர்ந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் முற்றிலும் கட்டு மீறிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பவர்களும் உண்டு. சாதாரண ரத்த எண்ணிக்கையிலிருந்தே கணக்கிடலாம் என்பதால் அதற்குச் செலவே இல்லை.

இந்தியாவில் இந்த நோயைப் பற்றி நீண்ட காலம் தொடர்ந்து கணக்கு வைத்திருப்பதும் அதே சண்டிகர் குழுதான். 1994-ல் 15 வயதுக்கு உட்பட்ட லட்சம் குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவாக இருந்த எண்ணிக்கை, 2007-ல் சுமார் 4.5 ஆனது. நோய் திடீரெனப் பெருகியதைவிட, அதை அடையாளம் காணும் மருத்துவர்கள் பெருகினார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். ஜப்பானில் ஐந்து வயதுக்கு உட்பட்ட லட்சம் குழந்தைகளில் 300-க்கும் மேல். நம் மாவட்டங்களிலும் இந்த நோய் வைரஸ் காய்ச்சல், அலர்ஜி என்ற பெயர்களில் கவனிக்கப்படாமல் கடந்துபோகிறது என்று எண்ண எல்லா நியாயமும் இருக்கிறது.

நம் ஊர்க் காய்ச்சல்களுக்கு நடுவே

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இந்த எண்களைப் படிப்பதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. பருத்திக்காடும் சோளக்காடும் புதரும் நிறைந்த இந்த மண்ணில் உண்ணிக் காய்ச்சல் என்னும் ஸ்க்ரப் டைபஸையும் மறக்க முடியாது. அதிலும் சி.ஆர்.பி. ஏறும், அல்புமினும் சோடியமும் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. கூடும், தடிப்பும் வரும். கடுமையான பாக்டீரியாத் தொற்றிலும் இப்படியே. ரத்தத்தை மட்டும் பார்த்தால் இவற்றைப் பிரிக்க முடியாது. அழற்சி எவ்வளவு கடுமை என்பதை ரத்தம் சொல்லும். என்ன நோய் என்பதைக் குழந்தையின் உடம்புதான் சொல்ல வேண்டும்.

ஆகவே குழந்தையை உடை களைந்து முழுதாகப் பார்க்க வேண்டும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகிக்கலாம். பீளை கட்டாமல் இரண்டு கண்ணும் சிவந்திருப்பது, உதடு வெடித்து நாக்கு செக்கச்செவேலென்று இருப்பது, தடிப்பு, உள்ளங்கையும் பாதமும் சிவந்து வீங்குவது, கழுத்தில் நெறி கட்டுவது: ஐந்து நாள் காய்ச்சலோடு இந்த ஐந்தில் நான்கு இருந்தால் கவாசாகி. இவை எல்லாம் ஒரே நாளில் தெரியாது. ஒன்று மறைந்து மற்றொன்று வரலாம். பிறந்ததும் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு திடீரெனச் சிவந்து தடித்தால், அது மிகவும் நம்பத்தக்க தடயம். அந்தத் தடுப்பூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் போடும் நம் நாட்டில் இதைப் பார்க்கத் தவறக்கூடாது. விரல் நுனியில் தோல் உரிவதற்காகக் காத்திருக்கவும் கூடாது; அது இரண்டாம் வாரத்துக்குப் பிறகே வரும், அதற்குள் பத்து நாள் கடந்திருக்கும்.

குறிகள் முழுமையாக இல்லாத குழந்தைகளுக்குத்தான் ரத்தப் பரிசோதனை பெரிதும் உதவுகிறது. ஐந்து நாள் காய்ச்சலோடு இரண்டு மூன்று குறிகள் மட்டும் இருந்தாலும், கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஏழு நாள் நீடித்தாலும், சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயக் கழகத்தின் 2017 வழிகாட்டி. சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமோ, ஈ.எஸ்.ஆர். 40-ஓ எட்டினால் அடுத்த படி எக்கோவும் மற்றப் பரிசோதனைகளும். ரத்தசோகை, ஏழாம் நாளுக்குப் பின் தட்டணு நாலரை லட்சம் அல்லது மேல், அல்புமின் 3 அல்லது கீழ், எஸ்.ஜி.பி.டி. உயர்வு, வெள்ளணு 15,000 அல்லது மேல், சிறுநீரில் வெள்ளணு: இந்த ஆறில் மூன்று இருந்தால் எக்கோ இயல்பாக இருந்தாலும் சிகிச்சை தொடங்கலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் குறிகள் மிகக் குறைவாகத் தெரியும். தமனி பாதிப்போ மிக அதிகம்.

இங்கே லேப் ரிப்போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. வழிகாட்டிகள் சி.ஆர்.பி.யை டெசிலிட்டர் கணக்கில் சொல்கின்றன. நம் லேபுகள் பெரும்பாலும் லிட்டர் கணக்கில் தருகின்றன. அங்கே 3 என்றால் இங்கே 30. அங்கே 10 என்றால் இங்கே 100. சில சிறிய லேபுகள் எண்ணே தராமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதும். லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்தாலும் பாசிட்டிவ்தான், 200 இருந்தாலும் பாசிட்டிவ்தான். கவாசாகி சந்தேகம் உள்ள குழந்தைக்கு எண் கட்டாயம் வேண்டும்.

2020-ல் கோவிட்டுக்குப் பின் குழந்தைகளுக்கு வந்த பல்லுறுப்பு அழற்சி நோய், கவாசாகியை வெகுவாக ஒத்திருந்தது. சென்னை காஞ்சி காமகோடி குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் அந்த ஆண்டே ஒரு குழந்தையின் அனுபவத்தை 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் பதிவு செய்தார்கள். சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர், புரோ-பி.என்.பி. என்ற பெயர்கள் மாவட்ட மருத்துவமனைகள் வரை பரவியது அந்தக் காலத்தில்தான். அந்தப் பழக்கத்தை நாம் கைவிடக்கூடாது.

வசதியும் முன்புபோல் இல்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சுமார் 60 கிலோமீட்டரில் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. ரத்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே செய்து, சந்தேகம் வந்த நாளே, குழந்தைகளின் இதயத் தமனியை அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் எக்கோவுக்கு அனுப்ப முடியும்.

இன்னொரு வேலையும் இந்த இரு மாவட்டங்களுக்குக் காத்திருக்கிறது. ஜப்பானின் மதிப்பெண் அமெரிக்காவுக்குப் பொருந்தாதபோது, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தசோகையும் உண்ணிக் காய்ச்சலும் டெங்குவும் கலந்த நம் சூழலுக்கு நம் குழந்தைகளின் எண்கள் வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாள், ஒவ்வொரு பரிசோதனையின் எண், எக்கோவின் அளவு, ஓராண்டு கழித்துக் குழந்தையின் நிலை: இவற்றை ஒரே படிவத்தில் ஒவ்வொரு மருத்துவமனையும் பதிந்துவந்தால், சில ஆண்டுகளில் நமக்கென்று ஒரு முறை உருவாகும். டாக்டர் கவாசாகி தொடங்கியதும் இப்படிக் குறித்துவைப்பதில்தான்.

பெற்றோருக்குச் சில சொற்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள். எந்த ரிப்போர்ட்டையும் தூக்கிப்போடாதீர்கள்; வந்து மறைந்த தடிப்பைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள், டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின் கொடுத்துவரும்போது அம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அதை மறக்காமல் கேளுங்கள். காய்ச்சல் விட்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணாமல், இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் எக்கோ எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடாத குழந்தையின் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது, தட்டணுவை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். "இது கவாசாகியாக இருக்குமா டாக்டர், எக்கோ பார்க்கணுமா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். பத்தாம் நாளுக்கு முன் கேட்டால் அது ஒரு குழந்தையின் இதயத்தைக் காக்கும்.